வளரும் பிள்ளை, மாறும் பெற்றோர்: ஆசிரியர் தகுதித் தேர்வுக்கான முக்கியக் குறிப்புகள்

ஆசிரியர் தகுதித் தேர்வின் 150 வினாக்களில் 30 வினாக்கள் 'குழந்தை மேம்பாடும் கற்பித்தல் முறைகளும்' பகுதியிலிருந்து வருகின்றன. முதல் தாளுக்கு 6 முதல் 11 வயதுப் பிள்ளைகள் மையம். இரண்டாம் தாளுக்கு 11 முதல் 14 வயது. பிள்ளையின் படிநிலைகளை எல்லோரும் மனப்பாடம் செய்துவிடுகிறோம். ஆனால் பிள்ளை ஒரு படி ஏறும்போது பெரியவர் எதை விட வேண்டும், எதைப் புதிதாகப் பழக வேண்டும் என்ற கேள்வியோடு சேர்த்துப் படித்தால்தான் அந்தப் படிநிலைகள் ஒன்றோடொன்று குழம்பாமல் மனத்தில் நிற்கும். உங்களில் பலர் பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு இரவு பத்து மணிக்கு மேல் புத்தகத்தைத் திறப்பவர்கள். உங்களுக்கு இந்தப் பாடத்தின் பாதி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

பெற்றோருக்கும் படிநிலை உண்டு

• பெற்றோரின் வளர்ச்சியைப் படிநிலைகளாகப் பிரித்தவர் அமெரிக்க ஆய்வாளர் எலன் கேலின்ஸ்கி. பெற்றோராக இருப்பதன் ஆறு படிநிலைகளைப் பற்றிய அவருடைய நூல் 1981இல் வெளிவந்தது.

• ஆறு படிகள் வரிசையாக: 1. கற்பனைப் படி (கருவுற்ற காலம்). 2. பேணும் படி (பிறப்பு முதல் சுமார் 2 வயது). 3. அதிகாரப் படி (2 முதல் 4, 5 வயது). 4. விளக்கும் படி (பள்ளியில் சேர்ந்தது முதல் குமரப் பருவம் தொடங்கும் வரை). 5. ஒருவரையொருவர் சார்ந்திருக்கும் படி (குமரப் பருவம்). 6. விடைகொடுக்கும் படி (பிள்ளை வீட்டைவிட்டுப் புறப்படும் காலம்).

• இரண்டாம் படி முடிந்து மூன்றாம் படி தொடங்குவதற்கு அடையாளம், பிள்ளை வாயிலிருந்து வரும் 'மாட்டேன்'. அதுவரை பசியும் தூக்கமும் ஈரத்துணியும்தான் பெற்றோரின் கவலை. 'மாட்டேன்' வந்த நாளிலிருந்து வீட்டில் என்ன விதி, யார் அதைச் சொல்வது, மீறினால் என்ன செய்வது என்று தாயும் தகப்பனும் தங்களுக்குள் முடிவெடுத்தாக வேண்டும். தாத்தா பாட்டி உடன் இருக்கும் வீட்டில் இந்தப் படி இன்னும் கடினம். அம்மா மறுத்த மிட்டாய் பாட்டியின் முந்தானையிலிருந்து வந்துவிடும்.

• நான்காம் படியில் பெற்றோர் உலகத்துக்கு உரை சொல்பவர். 'அவங்க வீட்டுல கார் இருக்கு, நம்ம வீட்டுல ஏன் இல்ல?', 'சாமி எங்க இருக்கு?', 'தாத்தா செத்துப்போனா எங்க போனாரு?' இப்படிப்பட்ட கேள்விகளுக்குச் சொல்லும் பதிலில்தான் வீட்டின் மதிப்பீடுகள் பிள்ளைக்குப் போய்ச் சேர்கின்றன. முதல் தாளின் வயதுப் பிரிவு அப்படியே இந்தப் படிக்குள் வருகிறது.

• கேலின்ஸ்கியின் கருத்தில் நடுநாயகமானது இது: ஒவ்வொரு படியிலும் பெற்றோர் மனத்தில் ஒரு சித்திரத்தோடுதான் நுழைகிறார்கள். 'என் பிள்ளை இப்படி இருக்கும், நான் இப்படிப்பட்ட தாயாக இருப்பேன்' என்ற சித்திரம். நிஜம் அதோடு மோதும்போது நடத்தையை மாற்ற வேண்டும், அல்லது சித்திரத்தைத் திருத்த வேண்டும். பெற்றோரின் வளர்ச்சி அந்தத் திருத்தத்தில்தான் நடக்கிறது. பல வீடுகளில் பதினைந்து வயதுப் பிள்ளையோடு நடக்கும் சண்டை, நம் மனத்தில் இன்னும் இருக்கும் ஐந்து வயதுப் பிள்ளைக்காக நடப்பது.

• ஒரு வீட்டில் மூத்தவளுக்கு 14, இளையவனுக்கு 3 என்றால் அந்தத் தாய் ஒரே நாளில் இரண்டு படிகளில் நிற்கிறாள். இளையவனிடம் எடுபட்ட குரல் மூத்தவளிடம் எடுபடாது. 'ரெண்டு பேரையும் ஒரே மாதிரிதான் வளர்க்கிறேன்' என்று நாம் பெருமையாகச் சொல்வதை இந்த இடத்தில் நிறுத்தி யோசிக்கலாம்.

எரிக் எரிக்சன்: வயது, நெருக்கடி, பண்பு

• பிறப்பு 1902, பிராங்க்பர்ட். மறைவு 1994. 'குழந்தைப் பருவமும் சமுதாயமும்' என்ற நூல் 1950. கோட்பாட்டின் பெயர் சமூக மனவியல் வளர்ச்சிக் கோட்பாடு; மொத்தம் 8 படிகள்.

• தன்னைப் பெற்ற தந்தை யார் என்று கடைசிவரை அறியாதவர். வளர்ப்புத் தந்தையின் பெயரான ஹோம்பர்கர் என்பதைத் தாங்கி வளர்ந்து, அமெரிக்கக் குடியுரிமை பெற்றபோது எரிக்சன் என்று தானே பெயர் வைத்துக்கொண்டார். அதன் பொருள் 'எரிக்கின் மகன்'. 'அடையாள நெருக்கடி' என்ற சொல்லை உலகுக்குத் தந்தவர் இவர்தான் என்பதை இந்தத் தகவலோடு சேர்த்து வைத்துக்கொண்டால் மறக்காது.

• முதல் ஐந்து படிகள்: பிறப்பு முதல் 1 அல்லது 1½ வயது வரை நம்பிக்கை எதிர் அவநம்பிக்கை, பண்பு எதிர்நோக்கு. 3 வயது வரை தன்னாட்சி எதிர் வெட்கமும் ஐயமும், பண்பு மனவுறுதி. 3 முதல் 6 வரை முன்முயற்சி எதிர் குற்றவுணர்வு, பண்பு நோக்கம். 6 முதல் 12 வரை ஊக்கத்துடன் செயல்படுதல் எதிர் தாழ்வு மனப்பான்மை, பண்பு திறமை. 12 முதல் 18 வரை தன் அடையாளம் எதிர் பங்குக் குழப்பம், பண்பு பற்றுறுதி.

• இதை வீட்டுக்கு மொழிபெயர்த்தால்: முதல் ஆண்டில் அழுதவுடன் தூக்குவது சரி. இரண்டரை வயதில் தானே சட்டை போடுகிறேன் என்று அரைமணி நேரம் பொத்தானோடு போராடும் பிள்ளையைத் தூக்கி நாமே போட்டுவிடுவது, அவனுடைய படியில் குறுக்கே நிற்பது. வேன் வந்துவிடும் என்ற அவசரம் உண்மைதான். அரைமணி முன்னால் எழுப்பிவிடலாம்.

• தேர்வில் தப்பவிடும் இடம்: ஏழாம் படி. ஆக்கநிலை எதிர் தேக்கநிலை, பண்பு அக்கறை. இது நடுவயதினரின் படி. பிள்ளை அடையாளம் தேடும் ஐந்தாம் படியில் இருக்கும்போது பெற்றோர் பெரும்பாலும் இந்த ஏழாம் படியில் இருக்கிறார்கள். இரண்டு நெருக்கடிகள் ஒரே கூரையின் கீழ். 'நான் யார்?' என்று பிள்ளை கேட்கும் அதே ஆண்டுகளில் 'நான் எதை விட்டுச்செல்கிறேன்?' என்று தகப்பன் தன்னைக் கேட்டுக்கொள்கிறான். தன்னால் முடியாத மருத்துவப் படிப்பு பிள்ளையின் தலையில் ஏறுவது இப்படித்தான்.

• பொது அறிவுக்கும் உதவும்: 1918 அகமதாபாத் ஆலைத் தொழிலாளர் போராட்டத்தை மையமாக வைத்து எரிக்சன் எழுதிய 'காந்தியின் சத்தியம்' 1969இல் வெளிவந்தது, 1970இல் புலிட்சர் பரிசு பெற்றது. காந்தி என்ற தந்தையையும் அந்த நூல் விசாரிக்கிறது.

பற்றுப் பிணைப்பு

• ஜான் பௌல்பி (1907–1990), பிரிட்டன். உலக சுகாதார நிறுவனத்துக்காக எழுதிய அறிக்கை 1951. பிணைப்பு பற்றிய முதல் தொகுதி 1969.

• மேரி எய்ன்ஸ்வொர்த் (1913–1999). உகாண்டாவில் தாய்மாரையும் குழந்தைகளையும் கவனித்து எழுதிய நூல் 1967. 'அந்நியச் சூழல்' சோதனை சுமார் 12 முதல் 18 மாதக் குழந்தைகளுக்கானது. பாதுகாப்பான பிணைப்பு, தவிர்க்கும் பிணைப்பு, தடுமாறும் பிணைப்பு என்று அவர் கண்டவை மூன்று. நான்காவதான சிதறிய பிணைப்பு பின்னாளில் மேரி மெயின் குழுவினர் சேர்த்தது.

• ஹாரி ஹார்லோவின் குரங்குக் குட்டி ஆய்வு 1958. பால் தரும் கம்பித் தாயைவிட மெத்தென்ற துணித் தாயிடமே குட்டிகள் ஒட்டிக்கொண்டன.

பியாஜே, வைகாட்ஸ்கி: எந்த வயதில் எப்படிப் பேசுவது

• ஜீன் பியாஜே 1896–1980, சுவிட்சர்லாந்து. லெவ் வைகாட்ஸ்கி 1896–1934, ரஷ்யா. காசநோயால் 37 வயதில் மறைந்தார். இருவரும் ஒரே ஆண்டில் பிறந்தவர்கள் என்பது வினாவாக வரக்கூடியது.

• பியாஜே உற்றுநோக்கிய குழந்தைகளில் முக்கியமானவர்கள் அவருடைய சொந்தப் பிள்ளைகள்: ஜாக்குலின், லூசியேன், லாரன்ட்.

• நான்கு நிலைகள்: புலன் இயக்க நிலை (0–2), மனச்செயல்பாட்டுக்கு முற்பட்ட நிலை (2–7), கண்கூடாகப் பார்ப்பதை வைத்துச் சிந்திக்கும் நிலை (7–11), முறையான மனச்செயல்பாட்டு நிலை (11க்கு மேல்).

• பொருளின் நிலைத்தன்மை சுமார் 8 மாதத்தில் தெரியத் தொடங்கும். முந்தானைக்குள் முகத்தை மறைத்து 'எங்கே அம்மா?' என்று விளையாடுவது எல்லா வீட்டிலும் உண்டு. மறைந்தது இல்லாமல் போகவில்லை என்ற பாடம் அதில் இருக்கிறது.

• அளவு மாறாமை இரண்டாம் நிலையில் வராது. ஒரு தோசையை நான்காகப் பிய்த்துவைத்தால் 'நிறைய' என்று நான்கு வயதுப் பிள்ளை சாப்பிடும். குட்டையான டம்ளரிலிருந்து ஒல்லியான உயர டம்ளருக்குப் பாலை மாற்றினால் பால் கூடிவிட்டது என்று நம்பும். தம்பிக்கு அதிகம் ஊற்றிவிட்டாய் என்று அழுகிற பிள்ளை பொய் சொல்லவில்லை. அதன் கண்ணுக்கு அப்படித்தான். அந்த அழுகைக்கு விளக்கமும் வேண்டாம், அடியும் வேண்டாம். ஒரே மாதிரி இரண்டு டம்ளர் போதும்.

• 'மத்தவங்க இடத்துல இருந்து யோசிச்சுப் பாரு' என்ற அறிவுரை நான்கு வயதில் முழுதாக ஏறாததற்குப் பெயர் தன்மையப் போக்கு. அதே அறிவுரை ஒன்பது வயதில் வேலைசெய்யும். பதின்மூன்று வயதில் பிள்ளை அதையே நம்மிடம் திருப்பிச் சொல்லும். முறையான மனச்செயல்பாடு வந்துவிட்டது என்பதற்கு அதுவும் ஓர் அடையாளம். அதை எதிர்த்துப் பேசுவது என்று மட்டும் பார்க்கிறவர் ஒரு வளர்ச்சிப் படியைக் காணத் தவறுகிறார்.

• அண்மை வளர்ச்சி மண்டலம் வைகாட்ஸ்கியுடையது. 'சாரம் கட்டுதல்' என்ற சொல்லை ஆய்வுக் கட்டுரையில் பயன்படுத்தியவர்கள் உட், புரூனர், ராஸ் (1976). இந்தச் சொல்லையும் வைகாட்ஸ்கி கணக்கில் எழுதும் கையேடுகள் உண்டு; வினாவைக் கவனமாக வாசியுங்கள்.

• சாரத்துக்கு நம் ஊர் எடுத்துக்காட்டு: சைக்கிள் பழகும் பிள்ளையின் பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடும் அப்பா. முதல் நாள் இறுகப் பிடிக்கிறார், மூன்றாம் நாள் விரல் மட்டும் படுகிறது, ஒரு நாள் பிடிக்காமலே கூட ஓடுகிறார். கட்டடம் எழுந்ததும் சாரம் பிரிக்கப்பட வேண்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளையின் வீட்டுப்பாட நோட்டைத் தினமும் தானே நிரப்பும் தாய், சாரத்தைப் பிரிக்க மறந்தவர்.

வளர்ப்புப் பாணிகள்

• டயானா பாம்ரிண்ட் (1927–2018), கலிபோர்னியாப் பல்கலைக்கழகம், பெர்க்லி. 1960களில் மழலைப் பள்ளிப் பிள்ளைகளை ஆய்ந்து மூன்று பாணிகளைப் பிரித்தார்: அதிகாரப் போக்கு, நெறிப்படுத்தும் போக்கு, தாராளப் போக்கு.

• நான்காவதான கண்டுகொள்ளாப் போக்கைச் சேர்த்தவர்கள் மெக்கபி, மார்ட்டின் (1983). எதிர்பார்ப்பு, பரிவு என்ற இரண்டு அளவுகளை வைத்து அவர்கள் பிரித்தார்கள். எதிர்பார்ப்பு அதிகம், பரிவு குறைவு: அதிகாரம். இரண்டும் அதிகம்: நெறிப்படுத்துதல். பரிவு அதிகம், எதிர்பார்ப்பு குறைவு: தாராளம். இரண்டும் குறைவு: கண்டுகொள்ளாமை.

• நெறிப்படுத்தும் போக்கு என்றால் ஒரே அளவு கண்டிப்பு என்று பொருளில்லை. இரண்டு அளவுகளும் குறையாமல் இருக்க, அவற்றின் வடிவம் வயதுக்கேற்ப மாற வேண்டும். மூன்று வயதில் எதிர்பார்ப்பு என்பது 'அடுப்புப் பக்கம் வராதே'. எட்டு வயதில் 'பையை நீயே எடுத்துவை'. பதினாறில் 'எத்தனை மணிக்கு வருவாய் என்று நீயே சொல், சொன்ன நேரத்துக்கு வா'. பரிவும் அப்படியே. மூன்று வயதில் மடி, பதினாறில் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போவது. எட்டு வயது வரை கண்டிப்பே இல்லாமல் வளர்த்துவிட்டுப் பதின்மூன்றில் திடீரென்று கடிவாளம் போடும் வீடுகளை நாம் நிறையப் பார்க்கிறோம். வரிசை தலைகீழாகிவிடுகிறது.

• கோல்பர்க் (1927–1987): ஒழுக்க வளர்ச்சி 3 மட்டங்கள், 6 நிலைகள். மரபுக்கு முற்பட்டது, மரபு, மரபுக்குப் பிற்பட்டது. தண்டனைக்குப் பயந்து கீழ்ப்படிதல் முதல் நிலை. அவரை விமர்சித்த கரோல் கில்லிகனின் நூல் 1982.

குமரப் பருவம்

• 'புயலும் அலையும் நிறைந்த பருவம்': ஸ்டான்லி ஹால், 1904. இதை மறுக்க எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுவது மார்கரெட் மீடின் சமோவா ஆய்வு, 1928.

• உலக சுகாதார நிறுவனத்தின் வரையறையில் வளரிளம் பருவம் 10 முதல் 19 வயது. இந்தியாவின் தேசிய வளரிளம் பருவ நலத் திட்டம் தொடங்கிய நாள் 7 ஜனவரி 2014. அதே வயது வரம்பு.

• ஜேம்ஸ் மார்சியா, 1966: அடையாளத்தின் நான்கு நிலைகள். சிதறல், முன்கூட்டியே முடிவு, தேடல், அடைதல். இரண்டாவதைப் பிடித்துக்கொள்ளுங்கள். தேடாமலே, வீட்டார் சொன்னதை அப்படியே தன் முடிவாக ஏற்பது அது. வெளியிலிருந்து பார்த்தால் 'சொன்ன பேச்சைக் கேட்கும் நல்ல பிள்ளை'.

• திட்டமிடவும் ஆசையை அடக்கவும் உதவும், நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப் பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்கிறது. உணர்ச்சிக்கான பகுதிகள் அதற்கு முன்பே வேகமெடுத்துவிடுகின்றன.

• தூக்கம்: 6 முதல் 12 வயதுக்கு 9–12 மணி நேரம், 13 முதல் 18 வயதுக்கு 8–10 மணி நேரம் என்பது பரிந்துரை. குமரப் பருவத்தில் உடலின் கடிகாரமே பின்தள்ளிப்போகிறது. இரவு பதினொன்றுக்கும் தூக்கம் வராத பிள்ளையிடம் சோம்பேறித்தனம் என்று சொல்லும் முன் இந்தக் குறிப்பு நினைவில் இருக்கட்டும். கைபேசியை இரவில் கூடத்திலேயே வைக்கும் பழக்கம் பெரியவர்களிடமிருந்து தொடங்கினால்தான் நிற்கும்.

சட்டம் வயதை எப்படிப் பிரிக்கிறது

• குழந்தை உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை: ஏற்கப்பட்டது 20 நவம்பர் 1989, இந்தியா இணைந்தது 11 டிசம்பர் 1992, மொத்தம் 54 உறுப்புகள். இந்தக் கட்டுரையின் பொருளுக்கு நேரே வருவது உறுப்பு 5: பெற்றோர் தரும் வழிகாட்டுதல், பிள்ளையின் வளர்ந்துவரும் திறன்களுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். உறுப்பு 12, தன்னைப் பாதிக்கும் காரியங்களில் பிள்ளை கருத்துச் சொல்லும் உரிமை.

• அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே, 1890ஆம் ஆண்டின் காப்பாளர், காப்பிலுள்ளோர் சட்டத்தின் பிரிவு 17, விவரமாகத் தேர்வுசெய்யும் வயது வந்த பிள்ளையின் விருப்பத்தை நீதிமன்றம் கருதலாம் என்று சொல்லியிருக்கிறது.

• 5 வயது: இந்து இளவர், காப்பாளர் சட்டம் 1956, பிரிவு 6. ஐந்து வயது நிறையாத பிள்ளை வழக்கமாகத் தாயின் பொறுப்பில். தாயும் இயற்கைக் காப்பாளராகச் செயல்படலாம் என்ற விளக்கம் கீதா ஹரிஹரன் வழக்கு, 1999.

• 6 வயது வரை: அரசமைப்பின் உறுப்பு 45, மழலைப் பருவப் பராமரிப்பு. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் தொடங்கியது 2 அக்டோபர் 1975.

• 6 முதல் 14: உறுப்பு 21அ. பெற்றோரின் அடிப்படைக் கடமை உறுப்பு 51அ (ட), பதினோராவது கடமை. இரண்டுமே 86ஆம் திருத்தம், 2002. கல்வி உரிமைச் சட்டம் 2009; நடைமுறை 1 ஏப்ரல் 2010. அதன் பிரிவு 10 பெற்றோரின் கடமை. பிரிவு 17 உடல் தண்டனைக்கும் மனத் துன்புறுத்தலுக்கும் தடை. வீட்டிலும் அடிப்பதைத் தடைசெய்த முதல் நாடு சுவீடன், 1979.

• 16: கியர் இல்லாத 50 சிசி வரையிலான வண்டிக்கு உரிமம் பெறலாம். பிள்ளை உரிமமின்றி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், 2019 திருத்தத்தின் பிரிவு 199அ பெற்றோரையோ வண்டியின் உரிமையாளரையோ பொறுப்பாக்குகிறது: 3 ஆண்டு வரை சிறை, ரூ. 25,000 அபராதம். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது.

• 18: போக்சோ சட்டம் 2012இன் பாதுகாப்பு, வாக்குரிமை (61ஆம் திருத்தம், 1988), எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இன்படி பெற்றோர் ஒப்புதல் தேவைப்படும் வயது வரம்பு. குழந்தைகள் உதவி எண் 1098.

• 18 முதல் 25: ஜெஃப்ரி ஆர்னெட் 2000இல் பெயரிட்ட 'முளைக்கும் முதிர்பருவம்'. சட்டப்படி பெரியவர், செலவுக்கு வீட்டைப் பார்ப்பவர். கேலின்ஸ்கியின் ஆறாம் படி இங்கே நீண்டுகொண்டே போகிறது.

தமிழ்ப் பாடத்தோடு ஓர் இணைப்பு

• பிள்ளைத்தமிழ் 96 வகைச் சிற்றிலக்கியங்களில் ஒன்று, 10 பருவங்கள். முதல் நூல் ஒட்டக்கூத்தரின் குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ். இருபாலுக்கும் பொதுவானவை காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி. ஆண்பாலுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பாலுக்குக் கழங்கு, அம்மானை, ஊசல்.

• பெண்களின் ஏழு பருவங்களில் பெதும்பை 8–11, மங்கை 12–13, மடந்தை 14–19. பன்னிரண்டு வயதில் ஒரு கோடு கிழிக்க நம் இலக்கண நூலாருக்கும் தோன்றியிருக்கிறது.

• பிள்ளைத்தமிழின் பருவ வரிசையைப் பெரியவர் நிற்கும் இடத்தை வைத்து ஒருமுறை வாசித்துப் பாருங்கள். காப்பில் தெய்வங்களிடம் பிள்ளையை ஒப்படைத்து வேண்டுகிறார். தாலில் தொட்டில் ஓரம். சப்பாணியில் கைகொட்டச் சொல்லி எதிரே உட்கார்ந்திருக்கிறார். முத்தத்தில் கேட்பவராகிறார். வருகையில் சில அடி தள்ளி நின்று கைநீட்டி அழைக்கிறார். பிள்ளைதான் நடந்துவர வேண்டும். அம்புலியில் பிள்ளையோடு விளையாட வா என்று நிலவை அழைக்கச் சாமம், பேதம், தானம், தண்டம் என்ற நான்கு உபாயங்களும் வருகின்றன. சிற்றில் பருவத்துக்கு வரும்போது பேசுகிற குரலே மாறிவிடுகிறது. எங்கள் மணல்வீட்டைக் காலால் சிதைக்காதே என்று தெருச் சிறுமியர் பிள்ளையிடம் கெஞ்சுகிறார்கள். தாய் எங்கோ வீட்டுக்குள் இருக்கிறாள்.